கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது! முதல் முறை க்ரூஸ் போகிறவர்கள் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

2024 மார்ச் மாதக் கடைசி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் சாவோ தோமே என்ற குட்டித் தீவு. கேப் டவுனில் இருந்து பார்சிலோனாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நார்வீஜியன் டான்' என்ற சொகுசுக் கப்பல் அங்கே நங்கூரம் போட்டது. பயணிகள் ஊர் சுற்ற இறங்கினார்கள். அவர்களில் எட்டுப் பேர், கப்பல் நிறுவனம் நடத்தும் டூரில் சேராமல், தனியாக ஏற்பாடு செய்த டூரில் போனார்கள். திரும்பி வரத் தாமதமாகிவிட்டது.

கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், ஏற முடியவில்லை. கடலோரக் காவல் படகில் கப்பல் பக்கத்தில் கொண்டுபோய் விட்டும் அவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் மட்டும் கரையில் இருக்கும் துறைமுக ஏஜென்டிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலருடைய மாத்திரை மருந்துகள் கப்பலிலேயே மாட்டிக்கொண்டன. பல நாடுகளைக் கடந்து காம்பியாவில் போய்க் காத்திருந்தால், கடலில் நீர்மட்டம் குறைவாக இருந்ததால் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வரவில்லை. கடைசியில் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, செனகல் நாட்டில்தான் கப்பலைப் பிடித்தார்கள். 'குறித்த நேரத்துக்குத் திரும்புவது பயணிகளின் பொறுப்பு' என்பதுதான் கப்பல் நிறுவனம் சொன்ன பதில்.

பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருக்கிறது. ரயிலை விட்டால் தட்கல் போட்டுப் பார்க்கலாம். கப்பலை விட்டால் அடுத்த நாட்டில்தான் பிடிக்க வேண்டும்!

ஆப்பிரிக்கா வரை போகிறவர்களுக்கு மட்டும்தானே இந்தக் கவலை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே க்ரூஸ் கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் அது இலங்கை வரை போனது. சிங்கப்பூர் டூர் போகிற குடும்பங்கள் பலவும் இப்போது கூடவே மூன்று, நான்கு ராத்திரி க்ரூஸையும் சேர்த்துக்கொள்கின்றன. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று மொத்தக் குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கலாம். தினமும் பெட்டி கட்டி ஹோட்டல் மாற வேண்டாம். வயதானவர்களுக்கு இதைவிட வசதியான வெளிநாட்டுப் பயணம் கிடையாது. ஆனால், கிளம்பும் முன் சில வேலைகளை முடித்தால்தான் அந்த வசதியை அனுபவிக்க முடியும். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பயணம் முடியும் தேதியில் இருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஐந்து மாதம்தான் மீதி இருக்கிறது என்றால், துறைமுக கவுன்ட்டரில் அந்த ஒருவர் மட்டும் நிற்க நேரும். அது பெரும்பாலும் பாட்டியின் பாஸ்போர்ட்டாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

விசாவில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் இறங்குவது முதல் நுழைவு. கப்பலில் மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. எனவே, சிங்கப்பூர் விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் இதைப் பார்த்துவிடுங்கள்.

'நாங்கள் புக்கெட்டில் இறங்கவே போவதில்லை, கப்பலிலேயே இருந்துவிடுவோம்' என்றாலும் சில பயணங்களில் வழியில் இருக்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் பூர்த்தி செய்தால்தான் ஏற விடுவார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறும். போன வருஷம் போய் வந்த உறவினர் சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள். அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தைப் பாருங்கள், கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

சிங்கப்பூரின் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணம். 'காலையில் போய் இறங்கி, மதியம் கப்பல் ஏறிவிடலாம்' என்று கணக்குப் போடத் தோன்றும். ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை மிச்சம்தான். ஆனால் விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் மொத்தப் பயணத்தின் பணமும் போய்விடும். கப்பல் கிளம்புவதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறும் கவுன்ட்டரை மூடிவிடுவது வழக்கம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கப்பல் கிளம்பும் நேரம். நீங்கள் துறைமுகத்தில் இருக்க வேண்டிய நேரம் அதுவல்ல.

சிங்கப்பூரில் க்ரூஸ் கப்பல்கள் கிளம்பும் இடங்கள் இரண்டு. ஒன்று மரினா பே க்ரூஸ் சென்டர். இன்னொன்று சென்டோசா தீவுக்கு எதிரே ஹார்பர்ஃப்ரன்ட் பகுதியில் இருக்கிறது. டாக்ஸி டிரைவரிடம் 'க்ரூஸ் டெர்மினல்' என்று மட்டும் சொன்னால் வேறு இடத்தில் போய் நிற்க வாய்ப்பிருக்கிறது. டிக்கெட்டில் இருக்கும் முழுப் பெயரைக் காட்டுங்கள்.

பெரிய பெட்டி வேறு, கைப்பை வேறு

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் இருட்டிவிடும். பாட்டியின் இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் என்ன செய்வது?

அதனால் மாத்திரை மருந்துகள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், போர்டிங் பேப்பர், பணம், கண்ணாடி, போன் சார்ஜர், ஆளுக்கு ஒரு மாற்று உடை, குழந்தைகளின் நீச்சல் உடை ஆகியவையும் கையோடு வரட்டும். பயண நாள்களுக்குத் தேவையான மருந்துடன் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டை மருந்தின் மூலப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வையுங்கள். இன்சுலின் வைக்க கேபினில் இருக்கும் சின்னப் பெட்டி சரியான குளிர்ச்சி தருமா என்று முன்கூட்டியே கேளுங்கள், சில கேபின்களில் அது பானங்களை வைக்கும் அளவுக்குத்தான் குளிரும். கேட்டால் மருத்துவத் தேவைக்கு வேறு ஏற்பாடு செய்து தருவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில தூக்க மாத்திரைகளையும் கோடின் கலந்த மருந்துகளையும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி மருந்து சாப்பிட்டால் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே பார்த்துவிடுங்கள்.

எதைக் கொண்டுபோகக் கூடாது?

வெளியூர்ப் பயணம் என்றால் நம் வீட்டுப் பெட்டியில் எலெக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இருக்கும். கப்பலில் இவை எதற்கும் பொதுவாக அனுமதி இல்லை. ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு, மெழுகுவத்தியும் அப்படித்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது என்பதால் இதில் கண்டிப்பாக இருப்பார்கள். ஸ்கேனரில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போது தருவார்கள். காலையில் சாமி கும்பிட ஒரு சின்னப் படம் போதும்.

நம்ம ஊர் பிளக் அங்கே பொருந்தாது. கப்பல்களில் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வகை பிளக் பாயின்ட்கள்தான் இருக்கும். ஒரு சாதாரண அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்த புளியோதரைக்கும் அனுமதி கிடைப்பது சந்தேகம். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் பண்டங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சைவம், ஜைன உணவு, வேர்க்கடலை அலர்ஜி என்று எதுவாக இருந்தாலும் டிக்கெட் போடும்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏறிய பிறகு சொன்னால் அவர்களால் முடிந்ததைத்தான் செய்வார்கள்.

ஏறியதும் முதல் வேலை சாப்பாடு இல்லை

2012 ஜனவரி 13. இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்து நேரத்தில் எங்கே போய்க் கூட வேண்டும் என்ற ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதன் பிறகு சர்வதேச விதி மாற்றப்பட்டு, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்றானது.

இப்போது பல கப்பல்களில் போனிலோ கேபின் டி.வி-யிலோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய்க் கார்டைக் காட்டினால் போதும். பத்து நிமிஷ வேலை. குடும்பத்தில் ஒருவர் போய்விட்டு வந்து மற்றவர்களிடம் சொல்வது போதாது. எல்லோரும் நடந்தே போய் அந்த இடத்தைப் பாருங்கள். லிஃப்ட்டில் போகாமல் படியில் இறங்கிப் பாருங்கள், ஏனென்றால் ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கிடையாது. ஏழு குட்டி ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுதான் ஆபத்து சமிக்ஞை. குழந்தைகளுக்கு இதை ஒரு விளையாட்டு மாதிரிச் சொல்லிக்கொடுங்கள், மறக்கவே மாட்டார்கள். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் இருந்தால் அன்றைக்கே கப்பல் ஊழியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

எந்தக் கடிகாரம்?

கப்பலைத் தவறவிடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. போனை நம்பித் தவறவிடுகிறவர்களும் உண்டு.

சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கப்பல் புக்கெட் போய்ச் சேர்ந்தாலும் தன் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கலாம். உங்கள் போனோ, கரையில் கால் வைத்து சிக்னல் கிடைத்ததும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். 'எல்லோரும் 4 மணிக்குள் ஏற வேண்டும்' என்று கப்பலில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கடைவீதியில் போனைப் பார்க்கிறீர்கள். மணி 3. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று இளநீர் வாங்குகிறீர்கள். அந்த நிமிஷம் கப்பலில் மணி 4.

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம். வீட்டு அலமாரியில் கிடக்கும் முள் கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நேரத்தை அதில் வைத்துவிட்டு, கப்பலில் நேரம் மாற்றுவதாக அறிவித்தால் மட்டும் மாற்றுங்கள். இறங்கும்போது வாசலில் எழுதி வைத்திருக்கும் 'கடைசியாக ஏற வேண்டிய நேரம்' பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் இறங்கும் நாள்

கப்பல் நிறுவனம் நடத்தும் டூர் கொஞ்சம் விலை கூடுதல். வெளியே டாக்ஸி பிடித்தால் பாதிச் செலவில் முடியும். ஆனால் கப்பல் டூர் பஸ் டிராஃபிக்கில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியாகப் போனால் எல்லாம் உங்கள் தலையில். சாவோ தோமேயில் நடந்தது இதுதான்.

தனியாகப் போகவே கூடாது என்பதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் இடத்தில் இருந்து ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களும் லிட்டில் இந்தியாவும் நடக்கும் தூரம்தான். இட்லி, தோசை கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழில் பேசலாம். தூரத்தில் இருக்கும் இடம், படகில் போக வேண்டிய தீவு என்றால் கப்பல் டூரில் சேர்ந்துவிடுங்கள். எப்படிப் போனாலும் கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துப் பக்கம் வந்துவிடுவது நல்லது.

சில இடங்களில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். திரும்பும்போது அந்தப் படகுக்கு வரிசை இருக்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் ஏறி இறங்கும்போது ஆட்டம் இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள், கனமான சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இறங்க முடியாமல் போகலாம். டிக்கெட் போடும் முன்பே எந்த ஊரில் படகு, எந்த ஊரில் நேராகக் கரை என்று கேளுங்கள்.

இறங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கப்பல் கார்டு, அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், ஒரு நாளைக்கான மருந்து, கொஞ்சம் அந்த ஊர்ப் பணம், துறைமுக ஏஜென்டின் போன் நம்பர். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளிலோ ஆப்பிலோ அந்த நம்பர் இருக்கும். ஒருவேளை கப்பலை விட்டுவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல் ஊழியர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள், பயப்பட வேண்டாம். கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் பில், கப்பல் பில்

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் உங்கள் போன் செயற்கைக்கோள் வழியாக வரும் கப்பல் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. வாட்ஸ்அப்பில் வரும் குட் மார்னிங் படங்களுக்கே பெரிய பில் வரலாம். வைஃபை வேண்டுமென்றால் கப்பல் வைஃபை பேக்கைக் கிளம்பும் முன்பே வாங்கினால் விலை குறைவாக இருக்கும்.

கப்பலுக்குள் பணம் புழங்காது. எல்லாம் கார்டைத் தட்டினால் போதும், அதனால்தான் செலவு தெரியாது. குளிர்பானம், ஸ்பெஷல் உணவகம், போட்டோ எல்லாம் தனிக் கணக்கு. ஊழியர்களுக்கான டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் தினமும் தானாகவே சேரும். ஆறு பேர் குடும்பத்துக்கு நான்கு ராத்திரி என்றால் 24 முறை அந்தத் தொகை. டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே இதையும் கூட்டிப் பாருங்கள். இறங்குவதற்கு முந்தைய நாள் பில்லை வாங்கிச் சரிபாருங்கள். உங்கள் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தால், ஊரில் இருக்கும்போதே ஆப்பில் அதைத் திறந்து வையுங்கள்.

உடம்புக்கு வந்தால்?

கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. ஹெலிகாப்டர் வரவழைக்க வேண்டிய நிலை வந்தால் செலவு லட்சக்கணக்கில் போகும். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது. பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, கடல் பயணத்துக்குப் பொருந்துமா, கப்பலில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவைத் தருமா என்று கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் சில நூறு ரூபாய் கூடும் என்று மறைத்தால், தேவைப்படும்போது இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது.

குமட்டல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும். வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் தலைசுற்றலைத் தரும் என்பதால் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பதும், இஞ்சி மிட்டாய் சப்புவதும் பலருக்கு உதவும்.

கப்பலில் வேகமாகப் பரவும் வயிற்றுப்போக்குக்கு நோரோ வைரஸ் ஒரு முக்கியக் காரணம். சானிடைசர் இதை அவ்வளவாகக் கொல்லாது. சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வழி.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு: பயணம் முடியும் நாளுக்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்ற மாட்டா. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் பொதுவாக அனுமதி இல்லை.

குழந்தைகள் இருந்தால்

எல்லாக் கப்பல்களிலும் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நினைக்காதீர்கள். குழந்தை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பால்கனி கேபின் என்றால் நாற்காலியைத் தடுப்புப் பக்கம் போடாதீர்கள், கதவை உள்ளே பூட்டி வையுங்கள்.

கடைசி ராத்திரி

இறங்குவதற்கு முந்தைய ராத்திரி பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் துறைமுகத்தில்தான் பார்ப்பீர்கள். உற்சாகத்தில் எல்லாத் துணியையும் மடித்து வைத்துவிட்டு, காலையில் நைட்டியோடும் கைலியோடும் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. மறுநாள் உடை, செருப்பு, பாஸ்போர்ட், காலை மாத்திரை எல்லாம் கைப்பைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். திரும்பும் விமானத்தை மதியத்துக்குப் பிறகு போடுங்கள், இறங்கும் வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பல் பழங்களைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டாம், சுங்கத்தில் பிரச்னை வரும்.

பட்டியல் நீளமாகத் தெரியலாம். ஆனால் இதில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடியும் வேலை. அதை முடித்துவிட்டால், கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று கரை விலகுவதைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டு அங்கே உட்கார வையுங்கள். அவருடைய மருந்து உங்கள் தோள்பையில் இருக்கட்டும்.